மணிக்கட்டு பார்ப்பவன்

புதிதாக ஒரு டைனோசர் உருவம் வரப்போகிறது என்று ஏதாவது நிறுவனம் படம் வெளியிட்டால், எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். நான் மணிக்கட்டைப் பார்ப்பேன். உள்ளங்கை தரையைப் பார்த்துத் தொங்கினால் எனக்குள் ஒரு சந்தோஷம்: ஆள் மாட்டிக்கொண்டார்! ஊன் தின்னும் டைனோசர்களின் முன்கையை நம் கையைப்போல் திருப்ப முடியாது. இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி, கைதட்டக் காத்திருப்பதுபோல்தான் இருக்கும். இந்தத் துளி அறிவை வைத்துக்கொண்டு எத்தனை சிற்பிகளின் மானத்தை வாங்கியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

இது என் வாக்குமூலம். யாரும் மிரட்டி வாங்கவில்லை, நானாக எழுதித் தருகிறேன். குற்றங்கள் மூன்று. கைக்கு வராத பொருளைப் பழித்தேன். கேட்டுக் கேட்டு வரவழைத்த பொருளை வாங்காமல் விட்டேன். இரண்டுக்கும் அறிவு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இந்தக் கிறுக்கு இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். அழிந்துபோன விலங்குகளின் உருவங்களை உள்ளங்கையில் அடங்கும் அளவிலும் ஒரு முழ நீளத்திலும் செய்து விற்கும் நிறுவனங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. ஜெர்மனியில் ஷ்லைக், பிரான்சில் பாப்போ, அமெரிக்காவில் சஃபாரி, சீனாவில் பிஎன்எஸ்ஓ, இவற்றோடு கலெக்டா. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக இன்விக்டா 1974 முதல் ஒரே நிறத்தில் வார்த்துத் தந்தவையும், பிட்ஸ்பர்கின் கார்னெகி அருங்காட்சியகத்தின் பெயரில் சஃபாரி 1988 முதல் 2015 வரை விற்றவையும் பழைய கைகள் இன்றும் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் சரக்கு. ஆண்டு முடியும் சமயத்தில் அடுத்த ஆண்டுக்கான அறிவிப்புகள் வரத் தொடங்கும். எங்களுக்கு அதுதான் தீபாவளி.

அன்றைக்கு எங்கள் ஆட்களைக் கவனிக்க வேண்டும். ஒருவர் படத்தின்மேல் அளவுகோலை வைத்துத் தொடை எலும்புக்கும் கணுக்காலுக்கும் விகிதம் பார்ப்பார். ஒருவர், “இன்னொரு டி. ரெக்ஸா?” என்று பெருமூச்சு விடுவார். ஒருவருக்கு 1:35 அளவா 1:40 அளவா என்பது தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அலமாரியில் பக்கத்தில் நிற்பவற்றோடு ஒட்டாதாம். ஒருவர் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார். அபூர்வமாக ஒருவர், “அழகா இருக்கே!” என்பார். அவரை நாங்கள் புதுசு என்று நினைத்துக்கொள்வோம்.

இந்தக் கூட்டத்தில் நான் நாட்டாமை. படம் வந்து டீ ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். ஒரு முறை ஒரு நிறுவனம் பெரிய ஊனுண்ணி ஒன்றின் படத்தை வெளியிட்டது. “தலை பெரிசு, பாதம் யானைக்கால், தோலைப் பார்த்தால் கல்லிலே காயப்போட்ட துணி” என்று நண்பர்கள் குழுவில் எழுதினேன். பலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பல நாள் போதுமானதாக இருந்தது.

உருவம் கடைக்கு வந்தபின் ஒரு நண்பர் வீட்டில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தலை பெரிதாகவே இல்லை. மூக்குக்கு நேர் கீழே கேமராவை வைத்து எடுத்த படத்தில் எந்தத் தலையும் பெரிதாகத்தான் தெரியும். தோலைப் பார்த்தேன். முழங்கால் மடங்கும் இடத்தில், சதை இழுபட்டுச் சுருங்கும் மடிப்பில், செதில் வரிசை தன் போக்கை மாற்றிக்கொண்டு வளைந்து போயிருந்தது. வாலின் அடிப்பக்கத்தில், யாரும் திருப்பிப் பார்க்காத இடத்தில், செதில்கள் அகன்று வரிசையாகக் கிடந்தன. அந்தச் சிற்பி காசுக்காக மட்டும் வேலை செய்தவர் அல்லர்.

பாதத்துக்கு வருகிறேன். இரண்டு காலில் நிற்கும் விலங்கை மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கில் வார்த்தால் பாரம் முழுவதும் இரண்டு கணுக்காலில் இறங்கும். சென்னைக் கோடையில் அந்தக் கணுக்கால் மெல்ல வளையும். காலை எழுந்து பார்த்தால் மாமன்னர் டி. ரெக்ஸ் மூக்கு குப்புற விழுந்து, பக்கத்திலிருக்கும் ட்ரைசெராடாப்சையும் சாய்த்துவிட்டுக் கிடப்பார். கொதிநீரில் காலை முக்கி, இளகியதும் நிமிர்த்திப் பிடித்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தினால் சில காலம் நிற்பார். சிற்பிகளுக்கு இது தெரியும். ஆகையால் ஒன்று பாதத்தைச் சற்றுப் பெரிதாக்குவார்கள், அல்லது வாலை மூன்றாவது காலாக ஊன்றுவார்கள், அல்லது தாங்குகோல் தருவார்கள். எது செய்தாலும் எங்களுக்கு ஆகாது. பெரிய பாதம் என்றால் யானைக்கால், வால் ஊன்றினால் பழைய பஞ்சாங்கம், கோல் வைத்தால் ஊன்றுகோல் கிழவன். என் அலமாரியில் எலும்புக்கூட்டின்படி அச்சுப் பிசகாத பாதம் உள்ள உருவம் ஒன்று இருக்கிறது. அது சுவரில் சாய்ந்துதான் நிற்கிறது.

நண்பர் வீட்டிலிருந்து திரும்பி வந்து நான் குழுவில் என்ன எழுதினேன்? ஒன்றும் எழுதவில்லை. பத்திரிகைகள் ஏதோ மூலையில் பொடி எழுத்திலாவது திருத்தம் போடுகின்றன. எனக்கு அந்த நேர்மைகூட வரவில்லை.

அடுத்தது இன்னும் மோசம். 2012-இல் சீனாவின் லியாவோனிங் பகுதியிலிருந்து யூடிரானஸ் என்ற விலங்கை விவரித்தார்கள். ஒன்பது மீட்டர் நீளம், டி. ரெக்ஸின் தூரத்து உறவு, உடம்பில் இறகிழைகள். அவ்வளவுதான், நான் இறகுக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். அதன் பிறகு செதில் போர்த்து வந்த ஒவ்வொரு டி. ரெக்ஸையும், “இன்னும் சினிமாவை விட்டு வெளியே வரவில்லையா?” என்று கேட்டு விரட்டினேன். 2017-இல் சஃபாரி துணிந்து இறகுள்ள டி. ரெக்ஸைக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் நடுவில் டி. ரெக்ஸின் கழுத்து, இடுப்பு, வால் பகுதிகளில் கிடைத்த தோல் பதிவுகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தது. எல்லாம் செதில். முதுகில் கொஞ்சம் இறகு இருந்திருக்கலாம் என்பதற்கு இடம் மிச்சம் இருந்தது, ஆனால் போர்வைபோல் மூடியிருந்தது என்ற நினைப்பு ஆட்டம் கண்டது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? செதில் போட்டதற்காக நான் திட்டியவர்களிடம் மனசுக்குள்ளாவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. மறுநாளே கட்சி மாறி, “இதென்ன கோழி?” என்று இறகுக்காரர்களைக் கேலி செய்தேன். தேர்தலுக்குத் தேர்தல் கொடி மாற்றும் அரசியல்வாதியை நான் இனிமேல் எந்த முகத்தோடு பழிப்பது?

உதடும் அப்படித்தான். வாய் மூடினால் பல் வெளியே தெரியாதபடி உதடு வைத்த டி. ரெக்ஸ்களை, “பல்செட்டைக் கழற்றிவைத்த தாத்தா” என்று சிரித்தவன் நான். 2023-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, பல் எனாமலின் தேய்மானத்தையும் பல்லிகளின் மண்டையோட்டையும் ஒப்பிட்டு, அந்தப் பற்களை உதடு மூடியிருந்திருக்கும் என்றது. தாத்தா சரி, நான்தான் தவறு.

சிற்பியின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஸ்பைனோசாரஸை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தில் கிடைத்த எலும்புகளை வைத்து எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915-இல் அதற்குப் பெயரிட்டார். அந்த எலும்புகள் 1944 ஏப்ரலில் மியூனிக் நகரின்மேல் விழுந்த குண்டில் அழிந்தன. பிறகு பல பத்தாண்டுகள் அது முதுகில் பாய்மரம் கட்டிய சாதாரண ஊனுண்ணியாக உலவியது. 2014-இல் வந்த ஆய்வு அதன் பின்கால்களைக் குட்டையாக்கியது. அதை நம்பிச் சிற்பிகள் குட்டைக்கால் உருவங்களைச் செய்தார்கள். 2020-இல் துடுப்பு போன்ற அகன்ற வால் வெளிச்சத்துக்கு வந்தது. களிமண்ணிலோ கணினியிலோ வடித்து, அச்சு வெட்டி, மாதிரி வார்த்து, வண்ணம் தீர்மானித்து, கப்பலேற்றிக் கடைக்குக் கொண்டுவர மாதக் கணக்கில் ஆகும். ஆய்வுக் கட்டுரையோ ஒரே நாளில் வந்துவிடும். புதிய வால் வந்த வாரத்தில் பழைய வாலோடு நின்ற உருவங்களைப் பார்த்து நான், “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்டேன். முந்தின வாரம் எனக்கும் தெரியாது.

இந்தக் கதை இன்று நேற்று தொடங்கியதல்ல. 1854-இல் லண்டனின் சிடன்ஹாம் பகுதியில் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் டைனோசர்களை முழு அளவில் செய்து நிறுத்தினார். உடலமைப்பு நுணுக்கங்களுக்கு ரிச்சர்ட் ஓவன் துணையிருந்தார். முந்தின ஆண்டின் கடைசி நாள் இரவில் இகுவனோடானின் அச்சுக்குள்ளேயே விருந்து வைத்தார்கள். அந்த இகுவனோடானின் மூக்கில் ஒரு கொம்பு இருக்கும். 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் எலும்புக்கூடுகள் கூட்டமாகக் கிடைத்த பிறகுதான் அது மூக்குக் கொம்பல்ல, கட்டைவிரல் முள் என்பது தெளிவாயிற்று. 1854-இல் நான் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கிறேன். கொம்பைப் பாராட்டியிருப்பேன். சரியாக இருந்த வேறெதையாவது பிடித்துக் குறை சொல்லியிருப்பேன்.

நம் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த புருஹத்காயோசாரஸை நினைத்தால் இது இன்னும் விளங்கும். 1980-களின் பிற்பகுதியில் அதை விவரித்தபோது ஊனுண்ணி என்றே வகைப்படுத்தினார்கள். பின்னால் வந்தவர்கள், இது நீளக் கழுத்துத் தாவர உண்ணி, ஒருவேளை பூமியில் நடந்தவற்றிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று என்றார்கள். எலும்புகளோ நொறுங்கிப் போயின. மிஞ்சியவை வரைபடங்களும் புகைப்படங்களும்தான். நாளை ஒரு நிறுவனம் இதன் உருவத்தை அறிவித்தால் நான் பெருமைப்படுவேனா? “கழுத்து இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டாமோ?” என்பேன். எலும்பே இல்லாத கழுத்துக்கு!

இப்போது இரண்டாம் குற்றம். இதுதான் உண்மையில் என்னை உறுத்துவது.

எங்கள் நிரந்தரப் புலம்பல், “எத்தனை டி. ரெக்ஸ்தான் செய்வார்கள்? முதுகெலும்பில்லாதவற்றைச் செய்யக் கூடாதா?” என்பது. அம்மோனைட் கேட்டேன், டிரைலோபைட் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு நியாயமும் இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பக்கம் போனால் காலடியில் அம்மோனைட் கிடைக்கும் பூமி நம்முடையது. அரியலூர் வாரணவாசியில் அதற்கென்று அருங்காட்சியகமே இருக்கிறது. திருச்சி வட்டாரத்துப் பாறைகளை உலகப் புவியியலாளர்கள் தேடி வருவது இந்தச் சுருள் ஓடுகளுக்காகவும்தான். இதையெல்லாம் மூச்சு விடாமல் பேசுவேன்.

வந்தது. கலெக்டா அம்மோனைட்டும் செய்தது, டிரைலோபைட்டும் செய்தது. ஓட்டின் முகடுகளும், வாயிலிருந்து நீளும் கைகளும், நேர்த்தியான வேலை. நான் வாங்கவில்லை. கேட்டவர்களிடம் இறக்குமதி வரியைக் காட்டினேன். காரணம் பொய்யில்லை. பொம்மைகளுக்கான சுங்க வரியை 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60-ஆகவும், 2023-இல் 70-ஆகவும் நம் அரசு உயர்த்தியது. ஆனால் அதே வரியைக் கட்டித்தான் அந்தப் பருவத்தில் இன்னொரு டி. ரெக்ஸை வரவழைத்தேன். வாயைத் திறந்து மூட முடிகிற தாடை, பளபளக்கும் கண், என்னிடம் ஏற்கெனவே இருக்கிற அதே விலங்கு. அம்மோனைட்டை, “அருமை, அருமை” என்று பாராட்டியதோடு சரி. பாராட்டை வைத்து அச்சு வெட்ட முடியாது.

டி. ரெக்ஸானாலும் நத்தை மாதிரி இருக்கும் பிராணியானாலும் உருக்கு அச்சுக்குச் செலவு செய்துதான் ஆகவேண்டும். விற்காத உருவம் பட்டியலிலிருந்து போகும். போனதும் நாங்கள், “நல்லதைச் செய்தால் நிறுத்திவிடுகிறார்கள், இவர்களுக்குக் காசுதான் குறி” என்று குறைபட்டுக்கொள்வோம். அந்தக் குறையிலும் என் குரல்தான் உரத்து ஒலிக்கும்.

மூன்றாம் குற்றத்துக்குச் சாட்சி என் அக்கா மகன். பள்ளிக்கூடம் விட்டதும் என் வீட்டுக்கு ஓடி வந்து அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஒருநாள் அக்காவின் போனை நீட்டினான்.

“மாமா, இதப் பாத்தீங்களா? அடுத்த வருஷம் வருதாம்!”

“கை தப்பு.”

“எந்தக் கை மாமா?”

“ரெண்டும்தான். முன்னங்கை எலும்பு அப்படித் திரும்பாது. பல்லும் வெளியே தெரியக் கூடாது.”

படத்தை இன்னொரு தரம் பார்த்தான். சற்று முன்பு அவனுக்கு அழகாகத் தெரிந்த ஒன்று இப்போது தப்பும் தவறுமாகத் தெரிந்திருக்க வேண்டும். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டான். அக்கா சமையலறையிலிருந்தே கேட்டாள்: “ஏன்டா, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய்முத்து உதிர்ந்திடுமா?” அதன் பிறகு அவன் புதுப் படம் எதையும் என்னிடம் கொண்டுவருவதில்லை. அவனுடைய சிநேகிதர்களிடம் காட்டுகிறான்.

இப்படி ஏன் ஆனேன் என்று என்னையே குறுக்கு விசாரணை செய்து பார்த்தேன். கிடைத்த பதில் எனக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணாடி அலமாரியைப் பார்த்ததும், “பிள்ளைங்களுக்கா?” என்பார்கள். “இல்ல, எனக்கு” என்று சொல்லக் கூச்சம். ஆகவே சொற்பொழிவைத் தொடங்கிவிடுவேன்: இது கிரெட்டேசியஸ் காலம், இது இந்த ஆய்வின்படி, இதன் மணிக்கட்டில் ஒரு பிழை உண்டு. வந்தவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். ஏதோ படித்தவன், ஆராய்ச்சிக்காக வைத்திருக்கிறான் என்று. ஆராய்ச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. இரவில் யாரும் இல்லாதபோது இரண்டை எடுத்து மேசையில் எதிரெதிரே நிறுத்தி, எது எதைத் துரத்துகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவன் நான். பொம்மை வைத்து விளையாடுகிற பெரிய ஆள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் குறை சொல்லக் கற்றுக்கொண்டேன். பழிக்கிறவனை யாரும் குழந்தை என்று நினைப்பதில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிழை பார்ப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்ற பழைய உருவங்கள் மறைந்து, முதுகு கிடைமட்டமாக, வால் காற்றில் நீண்ட உருவங்கள் வந்ததற்கு ஆய்வாளர்களும் விவரம் தெரிந்த சிற்பிகளும் மட்டும் காரணமல்ல, சரியான உருவத்தைக் கேட்டு வாங்கியவர்களும் காரணம். மணிக்கட்டு தவறென்றால் தவறுதான். ஆனால் கேட்டு வாங்கியவர் என்ற அந்தப் பட்டியலில் என் பெயர் இருக்க நியாயமில்லை. நான் வாங்கியது ஒன்று, கேட்டது வேறு. சொன்ன பிழைகளில் பாதி, அடுத்த ஆய்வு வந்ததும் என் பிழையாகவே திரும்பி வந்தன.

அடுத்த அறிவிப்புக் காலம் வரும்போது திருந்தியிருப்பேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இல்லை. கண் தானாக மணிக்கட்டுக்குத்தான் போகும். ஆனால் அக்கா மகன் மறுபடி ஒரு படத்தை நீட்டினால், “நல்லாருக்குடா” என்ற வார்த்தை முதலில் வரவேண்டும், கை பற்றிய பாடம் அவன் கேட்டால் மட்டும். இது எனக்கு நானே விதித்துக்கொண்ட தண்டனை.

இதைப் படிக்கும் சேகரிப்பாளர்களில் என்னைப்போல் நாலு பேராவது இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு விண்ணப்பம். கையில் வாங்கிப் பார்க்கும்வரை தீர்ப்பை ஒத்திவையுங்கள். சொன்னது தவறென்று தெரிந்தால், திட்டிய அதே இடத்தில் திருத்தம் எழுதுங்கள். கேட்டது வந்தால் வாங்குங்கள். வாங்க மனமில்லையென்றால் கேட்காதீர்கள்.